எலுமிச்சை வாசனை

அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர் காதுபட ‘பெட்ரோல் வாடை அடிக்கிறது’ என்று எவரும் சொல்லக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டிய விதியன்று அது. ஆயினும், வேலைக்குச் சேர்ந்தவர்கள் சில நாட்களிலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள். முன்பொருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்ட பெயிண்டர், மறுநாள் வேறு பட்டறை தேட வேண்டியதாயிற்று. கார்களின் வேகத்தைக் கூட்டித் தருவதுதான் அங்கே தொழில். வேகம் கேட்டு வருபவனிடம் பயத்தை விற்கலாகாது என்பது முதலாளியின் கொள்கை.

மெக்கானிக்குகளின் மூக்கு அந்த வாடைக்குப் பழகி மரத்துப்போயிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முதலாளியின் மனைவிக்கு மட்டுமே அது இன்னும் தெரியும். எல்லோருக்கும் அவள் அக்கா. ஒப்படைக்கும் முன் வண்டிக்குள் எலுமிச்சை ஸ்பிரே அடிப்பதும் அவள் வேலைதான். வாடையில்லாத வண்டிக்குப் பேருக்கு ஒரு தரம் அடிப்பாள். வாடை உள்ள வண்டிக்குத் தாராளமாக அடிப்பாள்.

அன்று மாலை ஒப்படைக்க வேண்டிய சாம்பல்நிறக் காருக்குச் சொந்தக்காரனைப் பட்டறையில் ‘ஸ்டேட்டஸ்’ என்பார்கள். ஒரு நட்டை மாற்றினாலும் படமெடுத்து, கைப்பேசி ஸ்டேட்டஸில் போட்டு உலகுக்கு அறிவிப்பவன். எஞ்சினுக்குள் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சப் பெரிய இன்ஜெக்டர்களும், பெட்ரோலின் அழுத்தத்தை உயர்த்திப் பிடிக்கப் புதிய ரெகுலேட்டரும் கேட்டிருந்தான். பொருத்தியவன் அக்காவின் தம்பி. எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, அழுத்தமானியைப் பார்த்தான். நிலைத்து நிற்க வேண்டிய முள் சரிந்துகொண்டிருந்தது.

“மச்சான், முள்ளு நிக்க மாட்டேங்குது” என்றான், தாழ்ந்த குரலில்.

முதலாளி குனிந்து பார்த்தார். “மெதுவாத்தானே இறங்குது?”

“மெதுவானாலும் இறங்குதே. இன்ஜெக்டர் ரப்பர் வளையம் ஒண்ணு மடங்கியிருக்கும். எண்ணெய் தொட்டுப் போடக்கூட விடாம அவசரப்படுத்துனீங்க. கழட்டிப் பாக்கணும்.”

“வாசல்ல வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கறான். அவன் முன்னாடி கழட்டினா நம்ம மானத்தை ஊருக்கே காட்டிடுவான். ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்டா.”

“அது என்ன புதுச் செருப்பா மச்சான், போடப் போட சரியாகறதுக்கு?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பானட்டை மூடு.”

அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவனால் அதற்குமேல் பேச இயலாது. மூடினான்.

அக்கா ஸ்பிரே டப்பாவுடன் காரை நெருங்கும்போதே வாடை முகத்தில் அறைந்தது. தம்பியைப் பார்த்தாள், அவன் கையைத் துடைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டான். கதவைத் திறந்து, இருக்கைக்கு இருக்கை தாராளமாக அடித்தாள்.

ஸ்டேட்டஸ் வந்தான். அவன் மனைவி, இடுப்பில் பெண் குழந்தையோடு பின்னால் வந்தாள்.

“இனிமே பாரு, சும்மா பறக்கும்” என்றான் அவன்.

“வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு ஒரு மாசமா கத்தறேன். அதுக்கு ஒரு வாஷர் வாங்க நேரமில்ல, பறக்கப் போறாராம்” என்று அக்காவிடம் முறையிட்டாள் அவள்.

பிறகு குழந்தையைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள்; முகம் மலர்ந்தது.

“என்ன ஸ்பிரேக்கா இது? முன்னாடி விட்ட பட்டறையில வண்டியை எடுத்தப்ப ஒரே பெட்ரோல் வாடை. போகவே மாட்டேன்னு அடம்பிடிச்சு, திருப்பி விட்டுட்டு வந்தேன். இங்க அந்தப் பயமே இல்ல. உங்களை நம்பித்தான்க்கா பிள்ளையை ஏத்தறேன்.”

அந்தப் பாராட்டு அக்காவைச் சுட்டது. கண்ணுக்குத் தெரியாத கசிவு, தீப்பிடிக்கும் முன் தரும் ஒரே எச்சரிக்கை அந்த வாடைதான். அந்தத் தாய் அதைக் கேட்டுத் தன் பிள்ளையை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறாள். இன்று அதன் வாயைப் பொத்தியவள் அக்கா. பெரிய பாவங்களுக்குப் பல வேளைகளில் இவ்வளவு சிறிய கைகளே போதுமானவையாக இருக்கின்றன.

முதலாளி சிரித்தபடி சாவியை நீட்டினார். அக்கா குறுக்கே கைநீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“பிள்ளையை இறக்கும்மா.”

“ஏய், என்ன இது? உள்ள போ” என்றார் முதலாளி, பல்லைக் கடித்தபடி.

“போக மாட்டேன். இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு உள்ளதான இருந்தேன்?” அவள் குரல் தாழவில்லை. “வேகம் கூட்டறது உங்க தொழில். கூட்டின அழுத்தம் எங்கயும் கசியலையான்னு பாத்துட்டுத்தான் சாவி குடுக்கணும். கசியறது தெரிஞ்சும் ஒரு குடும்பத்தை ஏத்தி அனுப்பினா, அதுக்குப் பேரு தொழில் இல்ல. வாடையை ஸ்பிரே அடிச்சு மறைக்கலாங்க. தீயை மறைக்க முடியாது.”

தாய் அதற்குள் வாரை அவிழ்த்துக் குழந்தையை அள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்டேட்டஸின் கைப்பேசி தாழ்ந்தது. தம்பி போய்ப் பானட்டைத் திறந்தான்.

அக்கா டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். தத்தம் வண்டிக்காகப் பெஞ்சில் காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“இந்த வண்டியில பெட்ரோல் வாடை அடிக்குது!”