நொண்டாத கால்

“எழுதிக் குடுங்க” என்றேன்.

முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். இந்தக் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் இருபத்திரண்டு வருடம் உழைத்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: முதலாளியிடம் லீவு கேள், சண்டைகூடப் போடு, எழுத்தில் மட்டும் எதையும் கேட்காதே. அவரை வேலைக்குச் சேர்த்ததற்கே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

“என்னத்த எழுதணும்?”

“செவலைக்குக் கால் ஆறிடுச்சு, ஞாயித்துக்கிழமை போட்டில தாண்டலாம்னு. தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.”

செவலைக் குதிரைக்கு வலது முன்னங்காலில் தசைநாண் கிழிந்து ஐந்து மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னது பத்து மாதம். முதல் மாதம் கொட்டடியை விட்டு அசையவே கூடாது. அடைத்துப் போட்ட ஆத்திரத்தில் அது கதவுக் கட்டையைக் கடித்துத் துப்பியது, ஒருநாள் என் தோளையும் பதம் பார்த்தது. அப்புறம் நாளுக்கு ஐந்து நிமிட நடை. வாரம் இரண்டு நிமிடமாகக் கூட்டிக்கூட்டி இப்போது முப்பத்தைந்துக்கு வந்திருக்கிறோம். கயிற்றைப் பிடித்து நடத்துவது நான். இயற்பியல் படித்தவள், வம்சத்திலேயே முதல் பட்டதாரி, கடிகாரம் பார்த்துக் குதிரையோடு உலாத்துகிறாள் என்று லாயமே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

“அதான் நொண்டலையே” என்றார் முதலாளி. “காலைல நானே ஓட விட்டுப் பார்த்தேன். பம்பரமாட்டம் சுத்துது.”

“நொண்டல் ரெண்டாவது மாசமே நின்னுடுச்சு சார். வலி போயிடும், கிழிஞ்ச நாண் ஒட்டியிருக்காது. போன வாரம் எடுத்த ஸ்கேன்ல கிழிசல் பாதிகூட மூடலை. தாண்டி இறங்கறப்ப மொத்த எடையும் முன்னங்கால்ல விழும். மேல உக்காரப் போறது ஒம்பது வயசுப் பொண்ணு.”

“டாக்டர் போன்ல சரின்னுட்டாரு.”

“அப்ப அவரையே எழுதச் சொல்லுங்க.”

முதலாளி அப்பாவைப் பார்த்தார். “ஏம்ப்பா, இவள காலேஜுக்கு அனுப்பினியா, கோர்ட்டுக்கு அனுப்பினியா?”

“சின்னப் புள்ளைங்க, தெரியாம பேசுது. செவலைய நான் தயார் பண்ணிடறேங்க.”

முதலாளி மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. தினமும் காலையில் அந்தக் காலைத் தடவிச் சூடு பார்ப்பவர் அவர்தான். என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

“நீங்க சொல்லுங்கப்பா. ஒட்டிடுச்சா?”

அவர் சுவரைப் பார்த்தார். “முதலாளி சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.”

மேஜைமேல் இருந்த ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன். நின்றபடியே எழுத ஆரம்பித்தேன்.

“என்ன கிறுக்கற?”

“நீங்க எழுதல, நான் எழுதறேன்.” முடித்துவிட்டு வாசித்தேன். “செவலையின் கால் ஆறவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இப்போது ஏறினால் குதிரையும் விழும், குழந்தையும் விழும். கீழ என் பேரு, தேதி, மணி.”

“யாருக்கு இது?”

“வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு.”

முதலாளி அப்போதுதான் செல்போனைக் கீழே வைத்தார். “அந்தக் காகிதம் வாசலைத் தாண்டுச்சுன்னா உங்கப்பனுக்கு இங்க வேலை இல்ல. லாயத்துக்குப் பின்னாடி குடியிருக்கீங்களே, அந்த வீடும் இல்ல. நல்லா யோசிச்சுக்கோ.”

“நேத்தே யோசிச்சாச்சு சார். அம்மா பாத்திரத்தக்கூட மூட்டை கட்டிட்டாங்க.”

அப்பா திரும்பினார். “உங்கம்மாவா?”

“ஆமா. உங்ககிட்டதான் சொல்லல. நேரா வந்து இவர்கிட்ட ஒப்பிச்சிருப்பீங்க.”

ஸ்கேனை மறைத்துவிட்டு, கால் ஆறிவிட்டது என்று இனி யாரும் வாயால் மட்டும் சொல்லித் தப்ப முடியாது. நான் தாளை மடிக்கவில்லை. போகிற வழியில் யார் பார்த்தாலும் படிக்கட்டும் என்று விரித்தபடியே பிடித்துக்கொண்டேன்.

“பாப்பா, நில்லும்மா” என்றார் அப்பா.

கதவைத் திறந்து பெஞ்சை நோக்கி நடந்தேன்.