அமாவாசை கழியட்டும்

சாமை அறுத்துக்கொண்டிருந்தபோது முனியாயிக்கு முதல் வலி வந்தது. அரிவாளை அவள் கீழே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வலி அடங்கும்வரை குனிந்தபடியே நின்று, அடுத்த பிடியை அறுத்தாள். பக்கத்து வரிசையிலிருந்து கணவன் மல்லையன் திரும்பிப் பார்த்தான். வியர்வை துடைப்பவள்போல் சேலைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் அமாவாசை.

அவள் இதற்குமுன் பெற்ற இரண்டும் அமாவாசையில்தான் பிறந்தன. மூத்தது அழவே இல்லை. அடுத்தது ஒருமுறை முனகிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அடங்கிப்போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று மாமியார் ராமக்காள், "நெலா இல்லாத நாள்ல வந்தது எப்படி நிக்கும்?" என்றாள். குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் முனியாயிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் அமாவாசையை ஒட்டித்தான் அவள் தூரமாவாள். தன் உடம்பைப் பிடித்து ஆட்டுவது நிலாதான் என்பதில் அவளுக்கு அதற்குப்பின் சந்தேகமே வரவில்லை.

மூன்றாவது தங்கியதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பௌர்ணமிக்கு வரவேண்டிய பிள்ளை. இத்தனை மாதமும் அந்த ஒரு நம்பிக்கையில் சோறு இறங்கியது. இப்போது பதினைந்து நாள் முன்னதாகவே வலி வந்து நிற்கிறது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள். சொன்னால் மருத்துவச்சி குள்ளம்மாளைக் கூட்டிவருவார்கள். அவள் கஷாயம் கொடுத்து வலியைக் கூட்டுவாள். ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல். அமாவாசை கழியட்டும். அதுவரை அடக்கிக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தாள். பழைய சேலையைக் கிழித்து அடிவயிற்றைச் சுற்றி இறுக்கினாள். வலி வரும்போதெல்லாம் கம்பளியைக் கடித்தாள். விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போன இடத்தில் பனிக்குடம் உடைந்தது. கல்லில் வழிந்ததைப் பார்த்தாள். பச்சையாக, பாசி கரைத்ததுபோல் இருந்தது. சேலை நனைந்ததற்கு, குடம் சாய்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள்.

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் மல்லையன் அவளைத் தேடினான். தானியக் குதிருக்குப் பின்னால் கிடந்தாள். முழங்கால் இரண்டையும் மாட்டுக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"என்னா பண்ணிட்ட புள்ள!"

"அவுக்காதீங்க மாமா. இன்னிக்கு ஒரு நாளு. பொழுது போனதும் நானே அவுத்துடறேன். உங்க கால்ல வுழறேன், அவுக்காதீங்க."

மல்லையன் கத்தியை எடுத்துவிட்டு அப்படியே நின்றான். இரண்டு குழிகளையும் வெட்டியவன் அவன். ஒரு நாள்தானே என்று அவனுக்கும் ஒரு நொடி தோன்றிவிட்டது. பிறகு அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்தான். கயிற்றை அறுத்துவிட்டு ஓடினான்.

குள்ளம்மாள் தன் மகன் பச்சியப்பனோடு வந்தாள். வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"தண்ணிக்கொடம் ஒடைஞ்சு எந்நேரம் ஆச்சு?"

"காத்தால."

"என்னா நெறம்?"

முனியாயி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பச்சை."

குள்ளம்மாள் எழுந்தாள். "வலி நின்னுப்போச்சு. உள்ள இருக்கறதுக்கு மூச்சுத் திணறுது. என் கையில ஆவறது இல்ல மல்லையா. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு எறக்கிடு."

மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அவளைக் கிடத்தினார்கள். முன்னால் பச்சியப்பன், பின்னால் மல்லையன், பக்கத்தில் நடந்தபடி குள்ளம்மாள். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோயிருந்த வருஷம் அது. அடிவாரம் போனாலும் மாட்டு வண்டி பிடிக்கவேண்டும். ஆட்டுத் தடம்போன்ற இறக்கத்தில் காலடி சறுக்கும்போதெல்லாம் தூளி பாறையில் உரசியது.

பாதி மலை இறங்கியபோது வலி திரும்ப வந்தது, ஒரேயடியாக. அவள் போட்ட சத்தத்தில் இருவரும் தூளியை இறக்கிவிட்டார்கள். குள்ளம்மாள் அவளைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்தாள்.

"முக்குடி."

"மாட்டேன் அத்தே. இன்னிக்கு வேணாம்."

"முக்கலைன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க."

"அமாவாசையில வந்தது ஒன்னாவது பொழைச்சிருக்கா? சொல்லுங்க!"

"தோ, மூங்கில் தூக்கிட்டு வந்தானே என் மவன், அவன் தை அமாவாசைக்குப் பொறந்தவன். நான் எல்லா நாள்லயும் புள்ளை எடுத்திருக்கேன்டி. பொழைச்சதுக்கு யாரும் நாளு கேக்கறதில்ல. செத்தாத்தான் கேக்கறாங்க."

"அப்ப எம் புள்ளைங்க எதனால செத்துச்சு?"

குள்ளம்மாள் தயங்கினாள். "மூத்ததுக்குக் கழுத்துல கொடி ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. சின்னது எதனாலன்னு எனக்குத் தெரியல. நெசமாத் தெரியல."

முனியாயி அவள் முகத்தையே பார்த்தாள். அடுத்த வலி வந்தது. இந்தமுறை அவள் அதைத் தடுக்கவில்லை.

பிள்ளை நீலம் பாரித்து, ஈரத்துணிபோல் துவண்டு வந்தது. குள்ளம்மாள் விரலை விட்டு வாயை வழித்தாள், தன் வாயை வைத்து மூக்கை உறிஞ்சித் துப்பினாள். தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினாள். ஒன்றும் இல்லை. முதுகைத் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. மல்லையன் பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். முனியாயி பிள்ளையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். அங்கே வெயிலைத் தவிர எதுவும் இல்லை. கட்டியது என் கைதானே, என் கைதானே என்று அவள் உதடு அசைந்தது.

குள்ளம்மாள் மறுபடியும் உறிஞ்சினாள், மறுபடியும் தேய்த்தாள். பூனைக்குட்டி கத்தியதுபோல் ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு பிள்ளை முகம் சிவக்க அழுதது.

"பொட்டப்புள்ள" என்றாள் குள்ளம்மாள். "ஒக்காராதீங்க. உதிரம் நிக்கல. தூக்குங்க."

மறுபடியும் தூளி கிளம்பியது. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்த முனியாயி திடீரென்று விம்மி விம்மி அழத் தொடங்கினாள். மல்லையன் பின்னாலிருந்து குனிந்தான்.

"ரொம்ப வலிக்குதா?"

"கொடி சுத்தியிருந்துச்சாம்." அவளுக்கு மூச்சு இழுத்தது. "இத்தனை வருசம் நெலாவைத் திட்டிக்கினு இருந்தேன். கொடி சுத்தியிருந்துச்சுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே மாமா."

மல்லையன் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டு, வண்டி கிடைக்கும் இடத்தை நோக்கி வேகமாக இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த எட்டு நாளும் அவள் பேர் வைக்காமல் புதைத்த அந்த இரண்டுக்காகத்தான் அழுதாள், நேற்றுத்தான் செத்தவைபோல.