தோள் உயரம்

…பழையபடி இருப்போம் என்றால் எந்தப் பழையபடி, கல்யாணமான புதிதில் இருந்த பழையபடியா, கடைசி வருஷம் ஆளுக்கொரு அறையில் கிடந்த பழையபடியா, அதையாவது தெளிவாக எழுதித் தொலைத்திருக்கலாம், காலையில் வந்த செய்தி, இன்றைக்குள் பதில் சொல் என்று முடித்திருந்தான், கட்டின பெண்டாட்டியைத் திரும்பக் கூப்பிடுகிறவன் மாதிரியா இருக்கிறது, பல் டாக்டரிடம் நேரம் கேட்கிறவன் மாதிரி… புகைப்படக்காரி லைட் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் விரித்து வைத்தாள். யார் வீட்டு வரவேற்பறையோ. சோபாவை ஓரமாகத் தள்ளியாயிற்று, மின்விசிறியை நிறுத்தியாயிற்று, இல்லாவிட்டால் லைட்டில் மாட்டிய வெள்ளைக் குடை ஆடிக்கொண்டே இருக்கும். சுவரின் பச்சை கன்னத்தில் ஏறி ஆளை நோயாளியாக்கிவிடும், அதனால் அதன்மேல் ஒரு வெள்ளைப் போர்வை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டதும் நடுப்பகல் வெளியே போய் நின்றுகொண்டது. படம் எடுப்பதைவிட இந்த நேரம்தான் அவளுக்குப் பிடிக்கும், அடுத்தவர் வீட்டு அரையிருட்டு, பாதித் தூக்கத்தில் நடப்பது மாதிரி கைகள் தாமாக வேலை செய்யும், மனசு எங்கேயோ மிதக்கும். இன்று மிதக்கவிடாமல் புருஷன் அந்த மனசில் வந்து உட்கார்ந்துகொண்டான். வரமாட்டேன் என்று போனில் அடித்து வைத்திருக்கிறாள், அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை?

அந்த அம்மா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியை, அலுவலகச் சுவரில் மாட்டப் படம் வேண்டும். அவருடைய கணவர்தான் காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிந்தார். "அவ வர்ற வரைக்கும் நான் உக்காரட்டுமா மேடம்? வெளிச்சம் பாக்க உங்களுக்கு ஒரு தலை வேணும், அவ்வளவுதானே?" தலை போதும் சார், ஆனா அவங்க உயரத்துல இருக்கணும் என்றாள். "அது எனக்குத் தெரியாதா? அவ எனக்குத் தோள் உயரம்தான்" என்று கழுத்தை உள்ளே இழுத்து ஸ்டூலில் ஆமையாக ஒடுங்கினார். சிரிப்பு வந்தது, கூடவே சுரீரென்று ஒரு பொறாமை, பெண்டாட்டியின் உயரத்தை உடம்பிலேயே குறித்து வைத்திருக்கிற மனுஷன், அவள் புருஷனைக் கேட்டால் சொல்வானா, தன் கார் நம்பரைச் சொல்வான்… குடையை அவர் புருவத்துக்குச் சற்று மேலே இறக்கித் திருகினாள். அவள் பரிசு வாங்கி வந்த அன்றைக்குக்கூட, என்ன பரிசு என்று அவன் கேட்பதற்குள், பெரிசா ஒண்ணுமில்ல, வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தாங்க என்று முந்திக்கொண்டு சொன்னாளே, ஏன் அப்படிச் சொன்னாள், அவன் நண்பர்கள் வந்தால் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டாளே… என்னை நிமிரவே விடல என்றுதான் அக்காவிடம் அழுதாள். அக்காவும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். கணவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்தார். கேமராவில் பார்த்தால் நெற்றியைக் காணோம், வெளிச்சம் மோவாய்க்குக் கீழிருந்து அடித்து முகமே வேறாக இருந்தது. ஸ்டாண்ட் இறங்கிவிட்டதா? திருகு கெட்டியாகத்தான் இருந்தது. சரி, ஏற்றலாம் என்று கை வைக்கும்போது அவர் திரும்பி வந்து மனைவியின் தோளில் புடவை மடிப்பைச் சரிசெய்தார், அவர் பக்கத்தில் நின்ற அந்தக் கணமே அந்த அம்மா சத்தமில்லாமல் கீழே இறங்கினார், முதுகு, கழுத்து, தலை, ஒவ்வொன்றாக, வெளிச்சம் அச்சாகப் பொருந்தியது. "பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே" என்றார் அவர் பெருமையாக. அவர் நகர்ந்ததும் அந்த அம்மா மேலே வந்தார். புகைப்படக்காரி ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தாள். இந்த அம்மா கணவருக்குத் தோள் உயரம் இல்லை, சமம்.

"நீங்க எப்பவும் இப்படியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கலகலவென்று சிரித்தார். "கல்யாணத்தன்னிக்குப் போட்டோ எடுத்தவர் கொஞ்சம் குனிஞ்சுக்கோம்மா, மாப்பிள்ளைக்குச் சமமாத் தெரியுதுன்னார். அப்புறம் யாரும் நிமிரச் சொல்லல." கணவர் முகம் விழுந்துவிட்டது. "நான் சொன்னேனா உன்னை?" என்றார். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றார் அந்த அம்மா, அதே சிரிப்போடு. அது மன்னிப்பா, குற்றச்சாட்டா, கேட்டவருக்கும் தெரிந்திருக்காது. கணவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார், இன்னும் தள்ளிப் போக இடமில்லை, பாவமாக இருந்தது. குடையை ஏற்றினாள், ஒரு சாண், இன்னும் கொஞ்சம். அவள் குனிந்தே இருந்தது அவள் புருஷனுக்குச் சௌகரியமாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான், அதுவும் நிஜம்… ஆனால் குனியச் சொன்னானா, எந்த நாள், எந்த வார்த்தை? தேடினாள், அகப்படவில்லை. வரமாட்டேன் என்று அனுப்பலாம், வருகிறேன் என்றும் அனுப்பலாம், இரண்டுமே முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு எழுதுகிற பதில் மாதிரி இருந்தது. அவன் எதிரில் ஒரு தடவை நேராக நின்றிருந்தால் அவன் முகம் எப்படி மாறியிருக்கும்? ஊரார் முகமெல்லாம் பார்த்தவள், அந்த முகத்தை மட்டும் பார்த்ததே இல்லை.