கண்ணாடிக் கேபினெட்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் தொழில். படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்துவிட்டு மைக் முன்னால் உட்காருவாள். பல வருடத்துக் குரல் ஹார்ட் டிஸ்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. அதில் ஒன்று திடீரென்று உயிரை விட்டு, ஒரு முழு வரலாற்றுப் புத்தகத்தையும் கூடவே கொண்டுபோனது. அன்றைக்குத்தான் வீட்டுக்கென்று ஒரு சர்வர் வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். எல்லா டிஸ்கும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். எந்தக் கோப்புக்கும் இன்னொரு பிரதி இருக்க வேண்டும். பெட்டி சத்தம் போடக் கூடாது. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னதுதான் பிசகு.

அண்ணன் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். டைல்ஸ், வாஷ்பேசின், கண்ணாடித் தடுப்பு எல்லாம் விற்பார். இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தன்னை நிபுணர் என்று நம்புகிறவர். ஒரு முறை பல் டாக்டருக்கே பல் பிடுங்கும் கோணத்தை விளக்கிவிட்டு வந்தார்.

அவள் ஏற்கெனவே ஒரு கேபினெட் பார்த்து வைத்திருந்தாள். கறுப்பு இரும்புப் பெட்டி. உள்ளே டிஸ்குகள் வரிசையாக உட்கார ரப்பர் வைத்த தட்டுகள், முன்பக்கம் மெதுவாகச் சுழலும் பெரிய ஃபேன். போனில் படத்தைக் காட்டினாள். அண்ணன் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்னது இது, கரண்ட் மீட்டர் பெட்டி மாதிரி?"

"நாலு டிஸ்க் உக்காரும்ணா. சத்தமும் வராது."

"நீ சும்மா இரு. சர்வர்னா கேபினெட்டுதான் முக்கியம். உள்ள என்னத்த வேணா போட்டுக்கலாம். வீட்டுக்கு வர்றவங்க எதைப் பாப்பாங்க?"

"எதையும் பாக்க மாட்டாங்க. மூலையில இருக்கப்போவுது."

"அதான் சொல்றேன், உனக்கு ரசனையே இல்ல."

அவள் கணவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் சிங்கம், மச்சான் வந்துவிட்டால் சோபாவின் உறை. "ஆசைப்படுறாரு, விடேன்" என்றார். விட்டாள்.

அண்ணன் வேறொரு கேபினெட்டைத் தானே தேர்ந்தெடுத்து, தானே சுமந்துகொண்டு வந்து படுக்கையறை மூலையில் வைத்தார். மூன்று பக்கம் கண்ணாடி. உள்ளே ஃபேன்கள் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரிந்தன. பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆட்கள் தவறிப்போய் இதற்கு டிக்கெட் வாங்கிவிடுவார்கள். டிஸ்க் வைக்க மட்டும் இரண்டே இடம்தான் இருந்தது.

"மிச்ச ரெண்டு?" என்று கேட்டாள்.

"டேப் போட்டு ஒட்டிட்டேன். கடையில நாங்க கண்ணாடியே அதுலதான் ஒட்டுறோம்."

முன்பக்கமும் கண்ணாடி என்பதால் காற்று உள்ளே போக வழியில்லை. ஃபேன்கள் மூச்சு வாங்கின. ஒட்டி வைத்த டிஸ்குகள் அதிர, அவற்றோடு கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிற்று. மைக்குக்குப் பழகவில்லை. ஒரு வாரம் தொண்டை வறள வாசித்து அனுப்பிய அறிவியல் பாடம் மொத்தமும் திரும்பி வந்தது. "பின்னால் வண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதிவு செய்யவும்" என்று பதிவுகளை வாங்கும் நிறுவனத்தில் எழுதியிருந்தார்கள். அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

"மைக்க மாத்து" என்றார் அண்ணன் போனில். அவள் போனை வைத்துவிட்டாள். அதில் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு அவரே வந்து இறங்கினார்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றி, சுவரில் சாய்த்துத் தரையில் நிறுத்தினார். மூலை டைல்ஸில் பட்டதும் டப் என்றொரு சத்தம். அடுத்த நொடி கண்ணாடி இல்லை. அறை முழுக்கக் கல்கண்டைக் கொட்டியதுபோல் துண்டுகள். நல்லவேளை, யாருக்கும் கீறல்கூட இல்லை. அண்ணன் வெறும் காலோடு நடுவில் நின்றார்.

"மச்சான், அசையாதீங்க" என்று கணவர் துடைப்பத்தோடு வந்து குனிந்தார்.

அண்ணன் தரையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "டைல்ஸ் சரியில்ல. மட்டமான சரக்கு. எவன்கிட்ட வாங்குனீங்க?"

துடைப்பம் நின்றது. கணவர் நிமிர்ந்தார். "உங்ககிட்டதான், மச்சான்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்போ பதிச்சவன் சரியில்ல."

மறுநாள் அவள் யாரையும் கேட்காமல் கறுப்புப் பெட்டிக்குச் சொல்லிவிட்டாள். வந்ததும் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். டிஸ்குகள் தட்டுகளில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. பெட்டியை மூடி, சாமான் அறை அலமாரியில் வைத்தபின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து, பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாகக் காற்று வந்தது. அறிவியல் பாடத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை வண்டு வரவில்லை.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் கறுப்புப் பெட்டியை முன்னும் பின்னும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கண்ணுக்கு ஒண்ணுமே இல்லையே இதுல."

"காதுக்கும் ஒண்ணும் இல்லண்ணா."

தன் பேச்சை ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டு அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கண்ணாடிக் கேபினெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். புதுக் கண்ணாடி போட்டுக் கடை முகப்பில் வாஷ்பேசின்களுக்கு நடுவே ஏற்றி வைத்தார். உள்ளே லைட்டைத் தவிர ஒன்றும் கிடையாது. "நான் டிசைன் பண்ண சர்வர்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

ஒரு மத்தியானம் அண்ணி தனியாக வந்தாள். பையிலிருந்து துண்டில் சுற்றிய டிஸ்க் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பசங்க போட்டோ. அவரு கம்ப்யூட்டர்ல ஒண்ணொண்ணா திறக்காமப் போயிட்டு இருக்கு. இருக்கறத உன் பெட்டில வெச்சுக்கறியா?"

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். லைட் கலர மாத்திப் பாரேன்னாரு."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. டிஸ்கை மாட்டியதும் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வர ஆரம்பித்தன. பெரியவனுக்கு முதல் பல் முளைத்திருந்த படம் வந்தபோது அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சில படங்கள் கெட்டுப்போய், பாதி சாம்பல் நிறமாக வந்தன. ஒவ்வொரு தடவையும் அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தவரைக்கும் பத்திரமா இருக்கும் அண்ணி" என்றாள்.

எல்லாம் ஏறி முடிந்ததும் இரண்டாவது பிரதியும் எடுக்கப் போட்டுவிட்டு, இருவருக்கும் டீ வைக்க எழுந்து போனாள்.