இருப்பில் ஓர் அறக்குளா

எங்கள் மீன் சங்கக் கந்தோரில் புதிய கொம்பியூட்டர் சிஸ்டம் போட்டவர் முருங்கன் ஊர்க்காரரான டிலோஜன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிய வந்தார். மறுநாள் அவருக்குக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் பயணம். இந்தச் சோதனை முடிந்தால் அவரை இனி எங்கே காண்பது? ஏதாவது ஒன்று பழுதாகட்டும் என்று நான் பூசையிலேயே மன்றாடிவிட்டு வந்திருந்தேன்.

பழுதாகுமா, கோதாரி விழுந்த மெசின்! பிரிண்டர் அடித்தது. பழைய கணக்கெல்லாம் அப்படியே வந்தது. கரண்டை நிற்பாட்டியும் பார்த்தோம், பற்றரியில் நின்று பிடித்தது. இத்தனை மாதம் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்கு வேலை பழக்கிய மனுசன், வேலையைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. எனக்கு மட்டும் என்ன, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? நானும்தான் பேசவில்லை.

கடைசியாக மிஞ்சியது தராசு. மீனை வைத்தால் அதன் நிறை கொம்பியூட்டரில் விழ வேண்டும். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனையில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. கந்தோர் ஓய்வாக இருக்கும் என்று நாள் குறித்தோமே தவிர, நிறுக்க ஒரு மீன் வேண்டுமே என்று யோசிக்கவில்லை.

"நீங்களே ஏறுங்கோ," என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நிறை விழுந்தது. மீனின் பெயரைப் போடாமல் சிஸ்டம் நகர மாட்டேன் என்றது.

"என்ன மீன் எண்டு போட?" என்று கேட்டேன்.

"உங்கட விருப்பம்."

"அறக்குளா," என்றேன். எங்கள் சங்கத்தில் விலை கூடின மீன் அதுதான்.

"அவ்வளவு நல்ல மீனோ நான்?" என்று சிரித்தார்.

"எல்லாம் சரி. இந்தச் சோதனைப் பதிவை மட்டும் அழிச்சு விடுங்கோ, சுவேதினி. அப்ப நான் வாறன்."

போய்விட்டார். நான் அழிக்கவில்லை.

மறுநாள் காலை, முகாமையாளர் சந்தியோகு அண்ணை இருப்புப் பட்டியலும் கையுமாக ஐஸ் அறைக்குள் இருந்து கத்தினார். "பிள்ளை! எழுபத்திரண்டு கிலோ அறக்குளா இருப்பில எண்டு காட்டுது. எங்க மீன்?"

நான் வெளியே போய் டிலோஜனுக்குப் போன் அடித்தேன். கொழும்பு பஸ்ஸில் இருந்தார்.

"சிஸ்டத்தில ஒரு பிழை. இருப்பில இருக்கிற மீனைக் கண்ணால காணேல்ல."

"அதை அழிக்கச் சொன்னனான் எல்லோ? எப்பிடி அழிக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். எனக்கு அழிக்க மனம் வரேல்ல." குரல் உடைந்தது. உடையட்டும். "நீங்கள் இல்லாமல் அந்தக் கதிரையைப் பாக்க ஏலாது, டிலோஜன்."



"ரெண்டு வருச ஒப்பந்தம்," என்றார்.

"ஓம்."

"அழிக்காதேங்கோ. ஐஸ் போட்டு வையுங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். சந்தியோகு அண்ணை பெட்டி பெட்டியாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார்.

"மீன் வரும் அண்ணை," என்றேன். "கொஞ்சம் சுணங்கும்."