மாடிக்குத் தேறிய கால்

முத்துக்கனியின் முழங்கால் இரண்டும் மழைக்காலத்து மரக்கதவு மாதிரி. மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. மூட்டுவாதம், மாடிப்படிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தூத்துக்குடி வீட்டின் கீழ்வீடு அவளுக்கென்றே ஆகிப்போனது. புருஷன் போன பிறகு அந்தத் தெருவாசல்தான் அவளுக்கு உலகம். மீன்காரி முதல் எதிர்வீட்டுக்காரி வரை எல்லாருடைய வழக்கும் அங்கேதான் தீரும்.

அவளை மகன் முத்துக்குமரன் 'தாய் சி' என்ற வகுப்பில் சேர்த்துவிட்டான். சீனத்துப் பயிற்சியாம். காலையில் கடற்கரைப் பூங்காவில் ஸ்டெபி டீச்சர் சொல்லிக்கொடுப்பாள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, உடம்புப் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றி, காற்றைத் தள்ளுவதுபோலக் கையை நகர்த்த வேண்டும். "வலிச்சா நிறுத்திருங்கம்மா, இது போட்டியில்ல" என்பாள். முதல் நாள் முத்துக்கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதங்கள் போகப் போக, கால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

மகனோ தன் கடையைக்கூடத் திறக்காமல் வண்டியில் கூட்டிவந்து, முடியும்வரை நிற்பான். "அம்மா படி ஏறுவாவளா டீச்சர்?" என்று ஓயாமல் கேட்பான். இவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். "ஏளா, எம்பிள்ளை மாதிரி வருமா!" என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

பூங்காப் படிக்கட்டில் அவள் பிடிமானம் இல்லாமல் ஏறி இறங்கிய அன்று, அவன் கைதட்டினான். மறுநாளே வெல்டர் சுடலைக்கண்ணன் வந்து அவள் வாசலில் டேப்பை இழுத்தான்.

"என்னத்தலே அளக்குத?"

"ஷட்டருக்கு ஆச்சி. அண்ணாச்சி கீழ்வீட்டைக் குடோனாக்கப் போறாவல்லா? ஒங்களுக்குக் கால் சரியானதும் வரச் சொல்லியிருந்தாவ."

முத்துக்கனி வாசலை விட்டு நகரவில்லை. மகன் வந்ததும் கேட்டாள்: "என் வலி தீரணும்னு கூட்டிட்டுப் போவலியாலே நீ?"

"தீந்திருச்சுல்லாம்மா? பொறவென்ன?"

பாவி, முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. வீடு அவன் பேரில் இருக்கிறது. யாரிடம் போய் என்ன சொல்ல? மாடியறையில் கட்டில் போட்டாயிற்று, ஏறிப் பாருங்கள் என்றான். ஏறினாள். முழங்கால் ஒரு தடவை சுருக்கென்றால் போதும், அதைச் சாக்காக வைத்து இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு படியிலும் காத்திருந்தாள். வலிக்கவே இல்லை. மேல்படியில் நின்று, நன்றாகிப்போன தன் காலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.