பெயர் சொல்லி விற்றவள்

பிலிப்பைன்ஸில் எங்கள் லிபா ஊரில் ஷெரிலினைத் தெரியாதவர்கள் குறைவு, கண்ணுகளா. வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிகளைத் துவைத்துத் தேய்த்து, மத்தியானத்தில் கைபேசி முன்னால் நின்று நேரலையில் விற்பாள். ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டுவாள். யார் முதலில் 'மைன்', அதாவது 'எனக்கு', என்று எழுதி அனுப்புகிறாரோ, சட்டை அவருக்கு. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.

ஆரம்பத்தில் ஈ ஓட்டினாள். மணிலாவில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் செய்ய ஆள் பிடித்துக்கொடுக்கும் டொண்டொன்தான் வழி சொன்னான்.

"விலையைக் கத்தாதீங்க அக்கா. வாங்குறவங்க பேரைச் சொல்லுங்க. நம்ம சனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா, அப்புறம் விரட்டினாலும் போகாது."

அப்படியே செய்தாள். "இது ரெமெடியோஸ் அக்காவுக்கு! அக்கா, இந்தப் பூப்போட்ட கவுனோட நீங்க பூசைக்குப் போனா பாதிரியாரே செபத்தை மறந்துடுவாரு!"

கூட்டம் பெருகியது. வெள்ளிக்கிழமை நேரலைக்கும் இதே கூட்டம் வந்தால் வருடம் முழுக்க அவளிடமே விளம்பரம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால், ரியாத்தில் லாரி ஓட்டும் கணவனை ஊருக்கே வரச்சொல்லிவிடலாம். மகள் பிறந்ததிலிருந்து அவன் அவளைக் கண்ணாடித் திரையில்தான் கொஞ்சியிருக்கிறான்.

இடைஞ்சல் அந்த ரெமெடியோஸ்தான். தினமும் 'மைன்' போடுவாள். பொட்டலம் போகும், வாங்க ஆளில்லை என்று திரும்பி வரும். போகிற கூலியும் வருகிற கூலியும் ஷெரிலின் தலையில். அந்தத் துணிக்கு ஆசைப்பட்டு ஏமாந்தவர்களுக்கும் ஆத்திரம். "அவ மூஞ்சியைக் காட்டு!" என்று எழுத ஆரம்பித்தார்கள்.

டொண்டொனுக்கு ஒரே குஷி. "வெள்ளிக்கிழமை அவ வீட்டு வாசல்லயே நில்லுங்க அக்கா. நேரலையில! ஊரே சோத்துல வச்ச கையோட பார்க்கும்."

போனாள். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. 'தட்டு, தட்டு', 'திருடி', 'ஓடி ஒளிஞ்சிருப்பா' என்று வரிகள் ஓடின. இரும்புக் கதவைத் தட்டினாள். பனியன் போட்ட ஒரு பெரியவர் வந்து திறந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, துணிக்காரப் பொண்ணு! உள்ள வாம்மா."

"ரெமெடியோஸ் இருக்காங்களா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "என் சம்சாரம். இந்த மழைக்காலம் தொடங்குறப்பவே தவறிட்டா."

ஷெரிலின் கைபேசியை அவர் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தாள்.

"அப்ப 'மைன்' போடுறது?"

"நான்தாம்மா. அவ இருந்தப்ப அவ போன்லதான் உன்னைப் பார்ப்பா, இப்ப அதுல நான் பார்க்குறேன். நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பிள்ளை பிறந்ததிலிருந்து 'அம்மா'ன்னுதான் கூப்பிடுவேன். பேர் சொல்ல எனக்கு நாக்கு வரல. கோயில்ல செத்தவங்க பேரைப் படிக்கிறாங்க, ஆனா ஒரே மூச்சுல மொத்தப் பேரையும் படிச்சுத் தள்ளிடுறாங்க. நீதான்மா சிரிச்சுக்கிட்டே சொல்ற. அடுத்த அறையில அவ இருக்கிற மாதிரி." கண்ணைத் துடைத்தார். "துணியை வாங்கி என்ன பண்ண, உடுத்த அவ இல்லையே. உனக்கு நட்டம்னு தெரியும். தப்புதான்."

திரையில் வசவு நின்றுவிட்டது. இதயங்களும் அழும் முகங்களும் கொட்டின. எண்ணிக்கை அவள் கண்டறியாத உயரத்துக்குப் போனது. நடுவில் டொண்டொனின் செய்தி வந்து விழுந்தது: 'அணைச்சிடாதீங்க! கேமராவை அவர் கண்ணுகிட்ட கொண்டு போங்க. பொண்டாட்டி துணி ஒண்ணைக் கையில குடுங்க. பக்கத்துல நம்ம கம்பெனி சோப்பு தெரியட்டும்.'

பெரியவர் அப்போதுதான் கைபேசியைக் கவனித்தார். "இதுல இப்ப யாராவது பார்க்குறாங்களாம்மா?"

ஷெரிலின் நேரலையை நிறுத்தினாள். பதிவாகியிருந்த படத்தை அங்கேயே நின்று அழித்தாள்.

"பார்த்தாங்க தாத்தா. இனிமே பார்க்க மாட்டாங்க. என்னை மன்னிச்சுடுங்க."

டொண்டொன் அழைத்தான். "அக்கா, படம் எங்க?"

"அழிச்சுட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? நம்ம ஊர்ல கண்ணீருக்கு மேல விக்கிற சரக்கே கிடையாது! கம்பெனி வேற ஆளைப் பார்த்துக்கும், தெரியும்ல?"

"தெரியும் தம்பி. என் கண்ணீரா இருந்தா வித்திருப்பேன்."

பேசி முடித்துக் கைபேசியைப் பைக்குள் போட்டாள். ரியாத்தில் இருக்கும் கணவனிடம் இன்று என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப, இனிமே அவ பேரைச் சொல்ல மாட்டியா?"

"விக்கும்போது சொல்ல மாட்டேன் தாத்தா. அது அவங்களுக்கு மரியாதை இல்ல. இங்க வரும்போது சொல்றேன். நீங்களும் சொல்லிப் பழகணும்."

அவர் உள்ளே போனார். ஜன்னலோர நாற்காலி மேல் மனைவியின் உடுப்புகள் மடித்தபடி கிடந்தன. அவற்றை இரு கைகளாலும் அள்ளிக் கட்டிலில் வைத்துவிட்டு, ஷெரிலின் உட்கார அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.